அதிகாரிக்கு ஒரு பட்டுக் குடை

சீனாவில் பேரரசர் போய்க் குடியரசு வந்தபின், சிச்சுவான் மாகாணத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தளபதி ஊரைப் பிடித்தார். தளபதி மாறினால் அதிகாரியும் மாறினார்.

சூஃபென் சிவப்புப் பட்டுக் குடையில் ஊரார் பெயர்களைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி, 'பாலவரி வாங்கினீங்களே, பாலம் எங்கே?'ன்னு கேட்டதுக்கு அண்ணனைச் சிறையில தள்ளினவன் அந்த அதிகாரி ஃபெங். அவனுக்கா குடை?" என்று பொருமினான் கறிக்கடை பாங்.

"கல்லெறிஞ்சா சுடுவான். மரியாதை செஞ்சு பார்ப்போம். உன் பேரையும் தைக்கட்டுமா?"

"தைங்க. அவன் தலைக்கு மேல ஒரு நாளாவது இருக்கேன்."

மறுநாள் காலை ஊரே திரண்டு குடையைக் கொண்டுபோனது. சிரித்தபடி வெளியே வந்த அதிகாரி ஃபெங், குடையைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"இது பதவி போய் ஊரை விட்டுக் கிளம்புற அதிகாரிக்குத்தானே குடுப்பீங்க? எந்தத் தளபதியோட படை வருது? எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

சூஃபென் பணிவாகக் குனிந்தாள். "தெற்கு வாசல் பாதை நல்லா இருக்குங்கய்யா. மழை வந்தா குடை உதவும்."

பகல் சாப்பாட்டுக்கு முன்பே ஃபெங் குடும்பத்தோடு வண்டியேறிவிட்டார். அவர் பிள்ளைகள் வழியில் பசித்திருக்கக் கூடாதென்று சூஃபென் ஆவியில் வேகவைத்த பன்களைக் கட்டிக் கொடுத்தாள். காவலர்கள் அவருக்கும் முன்பே ஓடியிருந்தார்கள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவளே சிறையைத் திறந்தாள்.

வெளியே வந்த கணவன் பதறினான். "எந்தப் படை வருதாம்?"

"எந்தப் படையும் வரலை. நாங்க தச்சது குடைதான். படையை அவரே தச்சுக்கிட்டார்."