எட்டுப் பத்துக்குக் கேட் மூடும்

பள்ளியின் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னாலிருந்த சின்னக் கேட் பூட்டியிருக்கவில்லை. வூஜே அதைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தான்.

முன்வாசலில் அம்மா நிற்கிறாள். கால் மணி நேரத்துக்கு முன்புதான் அவனைப் பள்ளிக்குள் அனுப்பிவிட்டு, மற்ற அம்மாக்களோடு கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். சாயங்காலம் பரீட்சை முடியும்வரை அப்படியே நிற்பாள். போன வருஷமும் நின்றாள்.

போன வருஷம் அவன் தோற்றுப்போனான்.

கல்லூரிக்குள் நுழைய வருஷத்துக்கு ஒரே பரீட்சை. அன்றைக்குக் கொரியா முழுக்க மூச்சை அடக்கிக்கொள்ளும். பிள்ளைகள் நெரிசலில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அலுவலகங்களே ஒரு மணி நேரம் தள்ளித்தான் திறக்கும். பள்ளிக் கேட்டில் அம்மாக்கள் ஜவ்வு மிட்டாயை அப்பியிருந்தார்கள். அது ஒட்டினால் பிள்ளையும் கல்லூரியில் ஒட்டிக்கொள்ளும். வழவழவென்று வழுக்குகிற கடற்பாசி சூப்போ, குடித்தால் பிள்ளையும் பரீட்சையில் வழுக்கிவிடும் என்று, பரீட்சை முடிகிறவரை எந்த வீட்டு அடுப்பிலும் ஏறாது. மூன்று நாளைக்கு முன்பு, திங்கட்கிழமை, வூஜேக்குப் பிறந்தநாள். பிறந்தநாளைக்குக் கடற்பாசி சூப் வைக்காத தாய் அந்த ஊரில் கிடையாது. அம்மா வைக்கவில்லை, முள்ளங்கி சூப்தான் வைத்தாள். அவனும் வாயைத் திறக்காமல் குடித்தான்.

தடித்த கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பையில் மூன்று சான்றிதழ்கள். டியூஷனுக்கு என்று சொல்லிவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்குத் தெரியாமல் படித்து வாங்கியவை. சியோலில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பட்டம் வேண்டாம், சான்றிதழ்களோடு இன்று பத்தரைக்கு நேர்காணலுக்கு வரவும் என்று கடிதம் எழுதியிருந்தார்கள்.

அறுவடைத் திருநாளன்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்ததற்கே மாமா சிரித்தார். "சர்டிபிகேட்டா? மூணு வருஷத்துல காலாவதி ஆயிடும்டா மாப்ள, பால் பாக்கெட் மாதிரி. டிகிரின்னா கட்டை வேகுற வரைக்கும் கெடாது!"

மாமா சொன்னதுதான் சரியென்றால்? வூஜே ரயில் நிலையத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தான்.

ஓடியதுதான் தப்பு.

பரீட்சை நாள் காலையில் தோளில் பையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக ஓடுகிற பையனைக் கண்டால் அந்த ஊர்ப் போலீஸ் சும்மா விடாது. மோட்டார் சைக்கிள் ஒன்று அவனை மறித்து நின்றது. கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்த நுழைவுச் சீட்டைப் போலீஸ்காரர் உருவிப் பார்த்தார்.

"அட, நேர் எதிர்த் திசையில ஓடுறியே தம்பி! ஏறு, ஏறு. இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

"நான்... நான் போகலைங்க."

"பயத்துல எல்லாப் பசங்களும் இதைத்தான் சொல்லுவாங்க. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

சைரன் அலறியது. கார்கள் ஒதுங்கி வழிவிட்டன. குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தான், கைதான் பிடியை விடவில்லை.

முன்வாசலில் வண்டி நின்றதும் அம்மாக்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த பிள்ளை யார் பெற்றதாக இருந்தால் என்ன, அன்றைக்கு எல்லாருக்கும் பிள்ளைதான். "ஓடு, ஓடு!" என்று காவலாளி கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

அம்மா கடைசியாகத்தான் கண்ணைத் திறந்தாள்.

அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே இருக்க வேண்டியவன் போலீஸ் வண்டியில் வந்து இறங்குகிறான். இதோ விழப்போகிறாள் என்று வூஜே பயந்தான். என்ன பொய் சொல்வதென்று தெரியவில்லை. போய்விடலாம், உள்ளே ஓடிப்போய் உட்கார்ந்துவிடலாம் என்று கேட்டின் பக்கம் ஒரு எட்டு வைத்தான்.

அம்மா அவன் கையைப் பிடித்தாள்.

பிடித்த கையை விடாமல் சாப்பாட்டுப் பையிலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து, திருகித் திறந்து, அதன் மூடியில் சூப்பை ஊற்றினாள். கரும்பச்சையாக, வழவழவென்று விழுந்தது. பக்கத்தில் நின்ற அம்மா, "ஐயையோ, இன்னிக்குப் போயா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள்.

"குடி. மூணு நாள் லேட்டாயிடுச்சு," என்றாள் அம்மா.

வூஜே குடித்தான். நாக்கு வெந்தது. அவன் பின்னால் கேட் மூடுகிற சத்தம் கேட்டது.

அம்மா அவன் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, வெள்ளைச் சட்டையின் காலரை நேராக்கினாள். மடிப்புக் கலையாமல் விறைப்பாக இருந்தது. நேற்று ராத்திரி அந்தச் சட்டையை அவன் பெட்டியிலிருந்து எடுத்து, கம்பெனிக் கடிதத்தை அதன் பையில் வைத்து, கசங்கலோடுதான் மாட்டி வைத்திருந்தான். காலையில் அவசரத்தில் போட்டுக்கொண்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

"சார்," என்று போலீஸ்காரரைக் கூப்பிட்டாள். "இவனை ரயில் ஸ்டேஷன்ல விட்டுடுவீங்களா? பத்தரைக்கு சியோல்ல இருக்கணும்."

போலீஸ்காரர் மூடிய கேட்டைப் பார்த்தார், சூப்பைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

வூஜே வண்டியில் ஏறாமல் நின்றான். "அப்போ கண்ண மூடிக்கிட்டு எதுக்கும்மா இங்கயே நின்ன?"

அம்மா மூடியைத் திருகி மூடினாள். ஃபிளாஸ்க்கை அவன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

"நீ பயந்துபோய்த் திரும்பி வந்துடக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டு நின்னேன்டா."