கடவுச்சீட்டின் இரு முனைகள்

பியர்சன் விமான நிலையத்தில், பிராக் நகருக்குப் போகிறவர்களின் வரிசை அசையாமல் நிற்கிறது. அமலதாஸின் கனடியக் கடவுச்சீட்டை ஒரு முனையில் கவுண்டரில் நிற்கும் பெண் பிடித்திருக்கிறாள். மறுமுனையை அவர் விடுவதாயில்லை. அவருடைய பெருவிரல் நகம் வெளுத்திருக்கிறது. பெண்ணின் சிரிப்பு மெல்ல வற்றுகிறது. பின்னால் யாரோ பெட்டியை நகர்த்த, சில்லு கிறீச்சிடுகிறது. பார்க்கவேண்டிய பாலங்கள், தேவாலயங்களின் பட்டியல் தங்கை யூஜினியின் கையில் கசங்குகிறது. முப்பது வருடங்களுக்கு முன், கள்ளமாகக் கனடாவுக்கு வரும் வழியில், அதே பிராக் நகரில் மூன்று மாதம் அவர் ஆள்கடத்துபவர்கள் பூட்டிவைத்த அறையொன்றில் இருந்தவர்; ஒரு பாலத்தையும் கண்டதில்லை. யூஜினி அவர் மணிக்கட்டைத் தொடுகிறாள். “விடுங்கோ அண்ணை. பாத்திட்டு உடன தருவா.” அவர் அந்தப் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “அங்க கொண்டுபோன ஏஜென்சிக்காரனும் உப்பிடித்தான் சொன்னவன்.”