சிரித்தால் நகரும் நாற்காலி

“என் பேரு செல்வின், வயசு இருபத்துமூணு, மஸ்கட்ல இருக்கேன்” என்று பதறியபடி ஊரிலுள்ள தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரலால் தட்டச்சு செய்தான்.

தூத்துக்குடியில் அப்பாவின் சவப்பெட்டியை மூடப்போகிறார்கள். அக்கா ஜெனிட்டாவோ உள்ளறையில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய இலவசச் சக்கர நாற்காலி, அதைக் கொடுத்த வள்ளலின் போனுக்கு அவள் தன் சிரித்த முகத்தைப் படமெடுத்து அனுப்பினால்தான் நகரும்.

செல்வின் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ அழைப்பில் சித்தப்பா அவளிடம் கெஞ்சினார். “கொஞ்சம் இளிச்சுத் தொலையேன்ட்டீ!”

“அப்பா முகத்தைப் பாக்க அவனுக்குப் பல்லைக் காட்டணுமோ? மாட்டேன்!”

செல்வின் மறுபடி குழுவுக்குச் சொல்லத் தொடங்கினான். “தானம் வாங்குன மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாவ. இங்க குடுத்த பய நம்ம பல்லைப் பாக்கான். அந்தச் சனியன் அங்கயே கெடக்கட்டும். இதைப் படிக்கிற யாராவது அக்காவைக் கையால தூக்கிட்டுப் போங்க. அதுவரை பெட்டியை மூடாதீங்க.”