பத்துக்கு ஒன்பதரை

“மாமா, இந்தப் பொட்டிக்கு நான் பத்துக்கு மூணு மார்க்தான் போட்டிருக்கேன். அந்த மூணும் அதோட வயசுக்குக் குடுத்த மரியாதை.”

அழகுபாண்டி கை காட்டியது, ஒச்சாயி பிரிண்டர்ஸின் உள் அறையில் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருந்த கறுப்பு சர்வர் பெட்டியை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்து போயிருந்தது.

முதலாளி பேயாண்டிக்கு அழகுபாண்டி மருமகன். கல்யாணமாகி நாலு மாதம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. விடுமுறைக்கு மாமனார் ஊருக்கு வந்தவன், கடையைக் கிளவுடில், அதாவது இணையம் வழியாக ஒரு வெளிக் கம்பெனியின் சர்வரில், ஏற்றிவிட்டுத்தான் ரயில் ஏறுவது என்று நின்றான். நாற்பத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மார்க் என்று மூன்று நாளாக ஒரு மதிப்பீட்டு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான்.

கே.கே. நகரில் இருந்த அந்தக் கடையில் அடித்த பத்திரிகை அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு காதுகுத்துக்குத் தாய்மாமன் ரெண்டு பேர், இன்னொன்றுக்கு இருபத்திரண்டு பேர். ஒரு பெயர் விட்டுப்போனாலும் பந்தியில் இலை விழாது. அதனால் ஒவ்வொரு பத்திரிகையையும் அதனதன் அமைப்பிலேயே வைத்துக்கொள்ளும் டாகுமெண்ட் டேட்டாபேஸ். அதை இத்தனை வருடமும் கட்டிக் காத்தவர் பசுமலை சவரியப்பன்.

“கிளவுடுக்குப் போயிட்டா நாம ஒண்ணும் பாக்க வேணாம் மாமா. பேக்கப் எடுக்குறது, ரிப்பேர் பாக்குறது, எல்லாத்தையும் கம்பெனிக்காரனே பாத்துக்குவான்.”

“அப்ப நம்ம சவரி?”

“அதான் மாமா சொல்றேன். எல்லாத்தையும் அவனே பாத்துக்குவான்.”

சவரியப்பன் தரையைப் பார்த்தார். அவர் மகள் டயானாவுக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மணி பத்தரையைத் தாண்டியிருந்தது.

“மிஸ்டர் சவரியப்பன், டேட்டாவோட நகலை நேத்தே கிளவுட்ல ஏத்திட்டேன். கடைக் கம்ப்யூட்டர் எல்லாம் இனி இந்தப் பொட்டிக்குப் போகாம அங்க போற மாதிரி மாத்திவிடுங்க. ஒரே ஒரு வரி. அதுதான் உங்க கடைசி வேலை.”

பேயாண்டி எழுந்து, சவரியப்பன் தோளில் கை போட்டு வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். காதில் ஏதோ சொன்னார். சவரியப்பன் தலையாட்டினார். சம்பளத்தைத் தீர்த்து அனுப்புகிற பேச்சாக இருக்கும் என்று அழகுபாண்டி நினைத்துக்கொண்டான். மாமாவுக்கு இளகின மனசு.

உள்ளே போன சவரியப்பன் கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

“முடிஞ்சுதா?”

“சார், அது வந்து...”

“வந்து போயி எல்லாம் வேணாம். தள்ளுங்க, டெஸ்ட் பண்ணணும்.”

டிசைனர் தமிழ்வாணி, டி. கல்லுப்பட்டி காதணி விழாப் பத்திரிகையைத் திறந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் வந்து நின்றன.

“ரெண்டே வினாடி! மின்னல் மாமா, மின்னல்!”

“நேத்துப் பழைய பொட்டியிலயும் ரெண்டு வினாடிதானண்ணே?” என்றாள் தமிழ்வாணி.

“அது வேற ரெண்டு வினாடி.”

பேயாண்டி அடிக்கடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். மாமாவும் வேகத்தை அளக்கிறார் என்று அழகுபாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

“இப்பப் பாருங்க” என்று அந்தப் பத்திரிகையை அழித்தே விட்டான்.

தமிழ்வாணி அலறினாள். “அண்ணே! அது நாளைக்கு அச்சுக்குப் போறது!”

“பதறாத. பேக்கப்புல இருந்து தானா திரும்பி வரும். மனுசக் கையே பட வேணாம்.”

“தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று சவரியப்பன் உள்ளே ஓடினார்.

ஐந்தாவது நிமிடம் பத்திரிகை திரும்பி வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பெயரும் இருந்தன. சித்தப்பா ஒருவரின் பட்டப்பெயர்கூடக் குறையவில்லை. சவரியப்பன் வெளியே வந்தபோது அவர் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“தண்ணி குடிக்க இம்புட்டு நேரமா? நீங்க இல்லாத நேரத்துல உங்க வேலைய அது முடிச்சிருச்சு. பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

அழகுபாண்டி அறிக்கையின் கடைசி வரியை எழுதினான்: கிளவுட் சேவை, பத்துக்கு ஒன்பதரை.

“மாப்ள மாப்ளதான்” என்றார் பேயாண்டி, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பெறகு எதுக்கு மாமா இந்தப் பொட்டி? கரண்டத் தின்னுக்கிட்டு!” அழகுபாண்டி விறுவிறுவென்று உள் அறைக்குப் போனான். சவரியப்பன் பின்னாலேயே ஓடினார்.

“சார், பன்னெண்டு மணி வரைக்கும் மட்டும்...”

“பாசம் விடமாட்டேங்குதோ?”

பிளக்கைப் பிடுங்கினான்.

முன் அறையிலிருந்து தமிழ்வாணியின் குரல் வந்தது. “அண்ணே, எந்தப் பத்திரிகையும் தெறக்கல! எல்லாம் போச்சு!”

அழகுபாண்டி கிளவுட் கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலேயே சத்தம் போட்டான். “என்னங்க உங்க சர்வீஸு? முதல் நாளே படுத்திருச்சு!”

“இங்க எல்லாம் நல்லா ஓடுது சார்” என்றது ஒரு பெண் குரல். “ஆனா உங்க கடையில இருந்து இன்னைக்கு ஒருத்தர்கூட உள்ள வரவே இல்லையே?”

உள் அறை வாசலில் கூடிவிட்ட எல்லோரும் சவரியப்பனைப் பார்த்தார்கள். சவரியப்பன் பேயாண்டியைப் பார்த்தார். பேயாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றே முக்கால்.

“மொதலாளிதான் சார் காதுல சொன்னாரு” என்றார் சவரியப்பன், பிளக்கைத் திரும்பச் செருகியபடி. “‘ராகு காலம் முடியாம எதையும் மாத்திப்புடாத சவரி, மாப்ளைக்கும் தெரிய வேணாம்’னு. இம்புட்டு நேரம் உங்ககிட்ட ஒம்பதரை மார்க் வாங்குனது இந்தப் பொட்டிதான்.”