மரங்கொத்தி போட்ட ஓட்டை

இலுப்பை மரத்தில் எவ்வளவு ஒற்றுமை இருக்கிறது என்று அளந்துவிட மரங்கொத்தி கிளம்பியது. வெவ்வேறு இனத்துப் பறவைகள் இரண்டு ஒரே கிளையில் சேர்ந்து உட்கார்ந்தால், அடிமரத்தில் ஒரு ஓட்டை போடும். அதுதான் அளவு.

காலையிலிருந்து அலகைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. சாயங்காலம்வரை ஒரு ஓட்டைக்கும் வழியில்லை.

"மைனா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரேன்" என்று கிளியிடம் கெஞ்சிப் பார்த்தது.

"அதுகூடவா? விடிஞ்சா வாய் மூடாது. எனக்கு என் கிளை போதும்" என்றது கிளி.

இந்த மரம் தேறாது என்று மரங்கொத்தி முடிவுகட்டிய நேரத்தில் அணில் அலறியது. மைனாவின் பொந்தை நோக்கிச் சாரைப்பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. எந்தக் கிளையிலிருந்து யார் வந்தார்கள் என்றே தெரியவில்லை. கொத்தும் கூச்சலும் தாங்காமல் பாம்பு தொப்பென்று விழுந்து ஓடியது. கொத்திய அலகுகளில் மரங்கொத்தியுடையதும் ஒன்று.

மூச்சு வாங்க அது அடிமரத்துக்கு வந்து, முதல் ஓட்டையைக் கொத்தத் தொடங்கியது.

"அங்கே வேண்டாம், மேலே வா" என்றது கிளி. "மைனாவோட பொந்து பாம்புக்குத் தெரிஞ்சுபோச்சு. என் கிளைக்குப் பக்கத்துல போடு. மைனாவுக்குக் குஞ்சு நாலு இருக்கு, கொஞ்சம் பெரிசாவே போடு."