ஏழாவது பாட்டில் ஒரு நாற்காலி

“கதவைச் சாத்துடா. வெளியில உங்க அண்ணி நிக்கிறா” என்றார் கிதார்காரர். இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன. அவருக்கு வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஒலிப்பதிவாளன் கதவைச் சாத்தினான். பாம்புக்காது என்பது அவனுடைய பட்டப்பெயர். ஊசி விழுந்தாலும் எந்த மூலை என்று சொல்லிவிடுவான். இன்று அந்தப் பாழாய்ப்போன காதுதான் அவனை இங்கே இழுத்து வந்திருந்தது.

சனிக்கிழமை மேடை. கிதாரும் கம்ப்யூட்டர் ஒலியும் கலந்த புது ஜாஸ் ஆல்பத்துக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. கிதாரை அவர் நேரில் வாசிக்க, கம்ப்யூட்டர் ஒலியை இவன் ஓட்ட வேண்டும். அதற்காக, அவர் வீட்டிலேயே தனியாகப் பதிவு செய்திருந்த இரண்டு ஒலிகளையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கியதில்தான் வந்தது வினை.

“கிதார் அற்புதம்ணா. ஒரு விரல்கூடக் கம்பியில உரசல, அவ்ளோ சுத்தம். ஆனா ஏழாவது பாட்டுல நடுங்கி நடுங்கி ஒரு கம்ப்யூட்டர் சத்தம் வருதே, பத்திரிகைக்காரங்க எல்லாம் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்களே... அதை மட்டும் கேளுங்க.”

பொத்தானைத் தட்டினான். அறை முழுக்க அந்த நடுக்கம் பரவியது. அதற்கு அடியில், கிரீச். அப்புறம் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது.

“நாற்காலிச் சத்தம். கம்ப்யூட்டர் எப்பண்ணா நாற்காலியில உக்காந்துச்சு?”

அவர் கைகளைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டார்.

“வேற யாரோ உக்காந்து வாசிச்சிருக்காங்க. பேரைக்கூடப் போடாம யார் வயித்துல அடிச்சீங்க? சனிக்கிழமை கூட்டத்துல அந்த ஆள் எழுந்து நின்னா நம்ம மானம் கப்பலேறிடும். இருபது வருஷம் உங்களைச் சாமியா நெனச்சவன் கேக்குறேன். யாருண்ணா அது?”

வெளியே அண்ணி, மேடையில் கணவர் போடப்போகும் சட்டையைப் பற்றி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

டீக் கோப்பை தட்டோடு சேர்ந்து கடகடவென்று ஆடத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

“அந்த நடுக்கம் நான்தான்டா. கிதாரைத்தான் கம்ப்யூட்டர் வாசிச்சுது.”