கதவின் கீறல்கள்

பிரான்சு நாட்டுக் கிராமமொன்றில், குன்றின்மேல் ஒரு பழைய கோட்டை. அதன் வாசல் கதவுக்கு வாய் ஓயாது. சுவரில் அம்பு எய்வதற்கு விட்டிருந்த துளையில் ஒரு புறா புதிதாகக் கூடு கட்டியிருந்தது. அதனிடமும் ஆரம்பித்தது.

"எண்ணூறு வருஷமாக அசையாமல் நிற்கிறேன். எந்தப் படையும் இந்த அகழியைத் தாண்டி என்னைத் தொட்டதில்லை, தெரியுமா?"

"அப்படியானால் இடுப்புயரத்தில் இத்தனை நகக்கீறல் ஏது, அண்ணே?" என்று கேட்டது புறா.

கீல் முனகியது. கதவு சொன்னது:

"படை வருகிறதென்று ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு ஓடிவந்தார்கள். இந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள். உள்ளே விடச் சொல்லித் தட்டினார்கள்."

"திறந்தீர்களா?"



"அன்றைக்கும் அசையாமல்தான் நின்றேன்."